மாளிகைமேடும் தீண்டாச்சேரியும்

தஞ்சாவூர்ச் சீமையில் மலை கிடையாது. மலைமேல் ஒரு பழைய ஊர் ஆளில்லாமல் கிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலைக்குத்தான் போக வேண்டும். ‘நகரம்’ என்ற வணிகர் சபை நடத்திய ஊர் அது. இராசராசன் காலத்தில் அதற்குத் தெலுங்ககுலகாலபுரம் என்று பெயர் வைத்தார்கள். இன்று மேலமலையில் விசயாலய சோழீச்சரம் மட்டும் நிற்கிறது. கோயிலைச் சுற்றி வீடில்லை, தெருவில்லை, பாறைதான்.

டெல்டாவில் மலைக்குப் பதிலாக மேடு இருக்கிறது. நத்தமேடு, கோயில்மேடு, களத்துமேடு, மாளிகைமேடு. தட்டையான நன்செய்க் காட்டில் நாலு அடி உயரம் என்பது சாதாரண விஷயமில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால், ஆற்றில் உடைப்பு எடுத்தால், யார் வீட்டில் தண்ணீர் நிற்கும், யார் வீட்டில் நிற்காது என்பதை அந்த நாலு அடிதான் தீர்மானிக்கும். அறுத்த நெல்லுக்குக் களத்துமேடு உண்டு. அறுத்தவனுக்கு எது மேடு? டெல்டாவின் சாதி வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்தே எழுதிவிடலாம். மேடு என்பது இங்கே வெறும் நில அமைப்பு இல்லை, அது ஓர் அதிகாரம்.

இப்படிப்பட்ட ஒரு மேட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொள்ளிடத்துக்கு வடகரையில், டெல்டாவின் ஓரத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தின் பெரிய கோயிலுக்குத் தென்மேற்கே உள்கோட்டைப் பக்கம் இருக்கிற மாளிகைமேடு. ஒரு காலத்தில் அரண்மனை; பிறகு வெறும் மண்மேடு; இப்போது தொல்லியல் துறை வேலி போட்ட இடம்.

*

முதலாம் இராசேந்திரன் 1012இல் இளவரசுப் பட்டம் பெற்று, 1014இலிருந்து தனியாக ஆண்டு, 1044 வரை இருந்தவன். அவன் படை கங்கைவரை போய்த் திரும்பியபின், 1025ஐ ஒட்டி, தஞ்சாவூரை விட்டு இங்கே புதுத் தலைநகரம் கட்டினான். சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று புகழ்கிறது. இன்று பொன்னேரி என்று சொல்கிற அதே ஏரிதான். வடக்குத் தெற்காக அதன் கரை ஏறக்குறைய 16 மைல் நீளம் என்று சொல்கிறார்கள். கல்வெட்டுகளில் சோழகேரளன் திருமாளிகை என்று அரண்மனைப் பெயர் வருகிறது. இராசராசன் பெருந்தெரு, இராசேந்திரன் பெருந்தெரு என்று தெருப் பெயர்கள் வருகின்றன. வேம்புகுடி வாசல் என்று கோட்டைவாசல் பெயர்கூட வருகிறது. கடைசிச் சோழனான மூன்றாம் இராசேந்திரனின் காலம் 1279இல் முடிகிறவரை, சுமார் 250 ஆண்டுகள், தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு இந்த மேட்டிலிருந்துதான் ஆணை போயிற்று.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-81இல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. பல பருவங்கள் நடந்தன. 2021 முதல் மறுபடியும் தோண்டினார்கள். செங்கல் சுவர்களின் அடித்தளம் வந்தது. கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், சீனப் பீங்கான் துண்டுகள் வந்தன. சீனத்துப் பீங்கானில் சோறு தின்றவர்கள் இருந்த இடம் எது என்று நமக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷம். அந்தச் சோற்றுக்கு நெல் விளைவித்தவர்கள் எங்கே இருந்தார்கள்?

இதைக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: ‘சான்று இருந்தால் எழுதமாட்டோமா, மண்ணுக்குள் எதுவும் கிடைக்கலையே.’ நியாயமான பதில் மாதிரித் தெரியும். மண்வெட்டியை எங்கே போட்டோம் என்பதைப் பொறுத்துத்தான் மண் பேசும். மேட்டைத் தோண்டினால் மேட்டுக்காரன் வரலாறுதான் வரும்.

*

சான்று இல்லாமலும் இல்லை, கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் விட்ட ஊர்களின் கணக்கு அந்தக் கோயில் சுவரிலேயே இருக்கிறது. அவனுடைய 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014ஐ ஒட்டிய கணக்கு. ஹுல்ட்ஸ் பதிப்பித்து 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக வெளிவந்துவிட்டது. நூறு வருஷத்துக்கும் மேலாக யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

கணக்கு எழுதுகிற முறை இது. முதலில் ஊரின் மொத்த நிலம். வேலி, மா, காணி, முந்திரி, அதற்கும் கீழே கீழ்க்கணக்கு என்று பின்னத்துக்குப் பின்னம் அளந்திருக்கிறார்கள். பிறகு அதிலிருந்து வரி வராத இடங்களைக் கழிக்கிறார்கள். ஊர்நத்தம் கழிகிறது. கோயில், குளம், ஊடறுத்துப் போகிற வாய்க்கால் கழிகின்றன. அதே வரிசையில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி, வண்ணாரச்சேரி. சில ஊர்களில் தீண்டாச்சேரி. ஒரு ஊரில் உழப்பறையர் இருக்கிற கீழைச்சேரி, மேலைச்சேரி என்று இரண்டு. கடைசியில் சுடுகாடு. அதிலும் வெள்ளான் சுடுகாடு வேறே, பறைச்சுடுகாடு வேறே.

ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய இரண்டு கோயில்களின் நிலக்கணக்குகளையும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தவர். சோழர் கால ஊரின் அமைப்பை அந்தக் கழிவுப் பட்டியலிலிருந்துதான் எடுத்துக் காட்டினார். நம்ம பேராசிரியர்கள் பலர் அதே கல்வெட்டில் வரி விகிதத்தையும் விளக்குக்கு விட்ட ஆட்டுக் கணக்கையும் படித்துவிட்டுப் பட்டியலின் இந்தப் பகுதியைத் தாண்டிப் போனார்கள். ‘இன்ன பிற’ என்று ஒரு சொல் போதுமானதாக இருந்தது அவர்களுக்கு.

நாம் அந்த ‘இன்ன பிற’வில் நிற்போம். நிதானமாகப் பார்த்தால் மூன்று விஷயம் தெரிகிறது.

ஒன்று: நத்தம் வேறு, சேரி வேறு. சேரி பள்ளத்தில் இருந்ததா மேட்டில் இருந்ததா என்று கல்வெட்டு சொல்வதில்லை. ஆனால் ஊர் குடியிருக்கிற நத்தத்துக்குள் அது இல்லை என்று தெளிவாகவே சொல்கிறது. தனியாக அளந்திருக்கிறார்கள், தனியாகக் கழித்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கணக்குப்பிள்ளைக்கு ‘ஊர்’ என்றால் எது, எது இல்லை என்பதில் சந்தேகமே இருந்ததில்லை.

இரண்டு: ‘தீண்டா’ என்ற சொல் அரசாங்க ஆவணத்தில் ஓர் இடத்தின் பெயராகவே இருக்கிறது. தீண்டாமை வடக்கிலிருந்து வந்தது, விசயநகரத்தார் கொண்டுவந்தது, வெள்ளைக்காரன் கணக்கெடுப்பில் உண்டாக்கியது என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்தக் கல்லுக்கு என்ன சொல்கிறார்கள்? தமிழில், தமிழ் மன்னன் கோயிலில், தமிழ்ச் சொல்லாக அது இருக்கிறதே.

மூன்று: செத்த பிறகும் பிரிவு. நெருப்புக்குத் தெரியாத சாதி நிலக்கணக்குக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எல்லாக் காலத்திலும் எல்லாம் இப்படியேதான் இருந்தது என்று நாம் சொன்னால் அது அவர்களுக்குத்தான் சாதகம். ‘ஆதியிலிருந்தே அப்படித்தான்’ என்பது அவர்கள் வாதம். புறநானூறு பறையரை ஊரின் குடிகளில் ஒன்றாகச் சொல்கிறது. ‘சேரி’ என்ற சொல்லே இழிவான சொல் இல்லை. உத்தரமேரூரில் 10ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிராமணர்களே 12 சேரிகளில் குடியிருந்தார்கள். குடவோலைக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. குடியிருப்புப் பகுதி என்பதுதான் பொருள். அக்கிரகாரத்துச் சேரி வேறு பெயருக்கு மாறிக்கொண்டது, நம் சேரி மட்டும் சேரியாகவே நின்றுவிட்டது. ஒரு சொல் எப்படிக் கீழே இறங்கியது என்று பார்த்தால், மனிதர்களை எப்படிக் கீழே இறக்கினார்கள் என்பதும் தெரியும். இறக்கியது என்றால் ஏற்றவும் முடியும் என்றுதானே அர்த்தம்.

*

அதே பெரிய கோயில் சுவரில் இன்னொரு கணக்கு. இராசராசன் கோயிலுக்குக் கொண்டுவந்து குடிவைத்த தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருத்தியின் பெயரும் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்று இருக்கிறது. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு, எத்தனாவது வீடு என்றுகூட இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். அந்தப் பெண்களின் வாழ்க்கை என்னவாக இருந்தது என்பது வேறு விவாதம். இங்கே நான் பார்ப்பது, பெயரும் கதவு எண்ணும் எழுதத் தெரிந்த அரசு அது என்பதை. அந்த அரசுக்குப் பறைச்சேரி என்பது இத்தனை மா, இத்தனை முந்திரி நிலம், அவ்வளவுதான். உள்ளே எத்தனை குடும்பம், யார் பெயர் என்ன, எதுவும் இல்லை. தெரியாமல் விட்டதில்லை அது. அளக்க வேண்டியதை அளந்தார்கள், எண்ண வேண்டாததை எண்ணவில்லை.

அப்புறம் அந்த 100 கலம் நெல் எங்கிருந்து வந்தது? கழித்தது போக மிஞ்சிய நிலத்திலிருந்து. அந்த நிலத்தில் இறங்கி உழுதவர்கள் கழிக்கப்பட்ட சேரியில் இருந்தவர்கள். உழப்பறையர் என்று கல்வெட்டே பெயர் சொல்லிவிட்டது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி, முட்டையாள் என்று கூலியில்லா உழைப்பைக் குறிக்கிற சொற்கள் வரிப் பெயர்களோடு கலந்து வருகின்றன. 16 மைல் ஏரிக்கரையில் எத்தனை கூடை மண் என்று கணக்குப் போட நமக்குக் கணித மேதை வேண்டாம். ‘இராசேந்திரன் ஏரி வெட்டினான்’ என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். யாரு வெட்டினது? மண்வெட்டி பிடித்தவன் பெயர் செப்பேட்டில் இல்லை. ‘வெட்டி’ என்ற சொல் மட்டும் வெட்டியான் என்று ஊருக்கு ஊர் நம் தலையில் தங்கிவிட்டது.

*

சேரி ஏன் அகழாய்வில் வருவதில்லை என்பதற்கும் கல்வெட்டிலேயே ஒரு துப்பு இருக்கிறது. கொங்கு நாட்டுக் கம்மாளர்களுக்கு ஒரு சோழ அரசாணை சில உரிமைகளைத் தருகிறது: நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அரசன் ஆணை போட்டு அனுமதித்தான் என்றால், அதற்கு முன் அனுமதி இல்லை என்றுதான் பொருள். கோயிலையும் அரண்மனையையும் கட்டுகிற கைவினைஞர்கள் தங்கள் வீட்டுக்குச் சாந்து பூசவே அரசாணை வேண்டும் என்கிற சமூகத்தில், பறைச்சேரி வீடு எதனால் இருந்திருக்கும்? செங்கல் யாருக்கு, மண் யாருக்கு என்பதும் சாதிதான். செங்கல் ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடக்கும். கீற்றும் மூங்கிலும் நாலு மழையில் மக்கிப்போகும். மேட்டுக்காரன் தடயத்தோடு வாழ்ந்தான், சேரிக்காரன் தடயமில்லாமல் வாழ வைக்கப்பட்டான். பிறகு ஆய்வாளர் வந்து ‘தடயம் இல்லை’ என்று எழுதுகிறார்.

நல்லவேளையாக ஒரே ஒருத்தர் பார்த்து எழுதி வைத்தார். சேக்கிழார். இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) அவையில் அமைச்சராக இருந்தவர் என்று மரபு சொல்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்த காலம் அது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதைக்கு முன்னால், கொள்ளிடக் கரை ஆதனூரின் புலைப்பாடியை வருணிக்கிறார். புல் வேய்ந்த குடிசை, அதன்மேல் சுரைக்கொடி, வாசலில் காயும் தோல், குழந்தையைத் தோலில் கிடத்தித் தூங்கவைக்கிற உழத்தி, நாய்க்குட்டி, கோழி, மரக்கிளையில் தொங்குகிற பறை. பக்தியை உயர்த்திக் காட்ட இழிவை வரைந்தார் என்ற விமர்சனம் சரிதான். ஆனாலும் மாளிகைமேட்டிலிருந்து ஒரு நாள் நடை தூரத்துக்குள், வயலோரத்தில், நத்தத்துக்கு வெளியே, மனிதர்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பதற்கு அந்தச் சில பாட்டுகள் சாட்சி. தொல்லியல் துறைக்குக் கிடைக்காத ஊர் தமிழ்ப் புலவருக்குக் கண்ணில் பட்டிருக்கிறது.

*

1279க்குப் பிறகு மேடு காலியானது. அரண்மனையை நம்பி இருந்த ஊர் அரண்மனை போனதும் போய்விட்டது. சுவர் சரிந்தது. செங்கல்லைத் தோண்டித் தோண்டிச் சுற்று வட்டாரத்துக்காரர்கள் எடுத்துப் போனார்கள். 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தில் கீழணை, அதாவது அணைக்கரை, கட்டியபோது கோயிலின் மதிலை இடித்துக் கருங்கல்லைக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்கள் தடுத்துப் பார்த்ததாகவும் தண்டிக்கப்பட்டதாகவும் 1855இல் வெளியான ஒரு குறிப்பு சொல்கிறது. சோழன் மதில் வெள்ளைக்காரன் அணையானது. அணையால் தண்ணீர் ஒழுங்கானது, விளைச்சல் பெருகியது, மிராசுதார் மெத்தைவீடு கட்டினார்.

‘கைவிடப்பட்ட ஊர்’ என்று மாளிகைமேட்டைச் சொல்கிறார்கள். யார் கைவிட்டது? விட்டுப்போக வேறு இடம் இருக்கிறவன்தான் ஊரைக் கைவிட முடியும். ராஜா போனான், அதிகாரி போனான், வணிகன் போனான். ஏர் பிடிக்கிறவன் எங்கே போவான்? டெல்டாவில் ராஜ்யம் மாறியது. பாண்டியன், விசயநகரம், நாயக்கர், மராட்டியர், கும்பினி என்று வரிசையாக வந்தார்கள். சேரி மாறவில்லை. இன்றைய சேரி ஒவ்வொன்றும் அந்தக் கல்வெட்டுச் சேரியேதான் என்று நான் சொல்ல வரவில்லை, ஊர் ஊராகச் சான்று வேண்டும். ஆனால் நத்தத்துக்கு வெளியே சேரி என்கிற அந்த ஏற்பாடு அறுபடவே இல்லை என்பதற்கு வருவாய்த்துறைப் பதிவேடே சான்று.

1843இன் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கியது. அடிமை ‘பண்ணையாள்’ ஆனான். அவன் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. வேறு ஆளிடம் வேலைக்குப் போனால், கூலி கேட்டால், குடிசையைப் பிரி என்றால் முடிந்தது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் தன் அறிக்கையில் இந்த விஷயத்தைத்தான் விரல் வைத்துக் காட்டினார்: குடியிருக்கும் மனையே பறையருக்குச் சொந்தமில்லை, அதனால்தான் அவர்களால் நிமிர முடியவில்லை. பின்னர் மாகாணத் தொழிலாளர் துறை தஞ்சையில் மனை வாங்கித் தரும் திட்டம் போட்டபோது, விலையைச் சேரி சனங்களே தவணையாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆயிரம் வருஷம் குடியிருந்த மண்ணுக்குத் தவணை!

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செங்கொடிச் சங்கம் கட்டிப் போராடியதால் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி கேட்டவர்களின் பெண்களும் பிள்ளைகளுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அந்த உயிர்களுக்குப் பிறகு, 1971இல்தான், குடியிருப்பு மனையை அதில் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. 1014இல் கல்லில் வெட்டிய ஒரு கோட்டைத் தாளில் அழிக்க 957 வருஷம் ஆகியிருக்கிறது. தாளில்தான்.

தரையில்? 2016 சனவரியில் மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டசேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துப்போக உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. போலீசு உடலை எடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. வெள்ளான் சுடுகாடு, பறைச்சுடுகாடு என்ற கணக்கு இன்னும் நடப்பில் இருக்கிறது என்பதற்கு வேறு கல்வெட்டு வேண்டுமா?

*

கங்கைகொண்ட சோழபுரம் கோயில் 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2025 சூலையில் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமரே வந்து இராசேந்திரன் பெயரில் நாணயம் வெளியிட்டார். தமிழக அரசு அருங்காட்சியகம் அறிவித்திருக்கிறது. தில்லிக்கும் சென்னைக்கும் ஆயிரம் சண்டை உண்டு, சோழன் பெருமையில் மட்டும் போட்டி போட்டுக்கொண்டு ஒற்றுமை. இந்தப் பெருமைக்குக் குறுக்கே ஒரு வார்த்தை பேசினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2019 சூனில் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித் இராசராசன் ஆட்சியை நிலம் பறிபோன காலம் என்று பேசினார். போலீசு வழக்குப் போட்டது. அவர் பேச்சின் ஒவ்வொரு வரியும் சரியா என்று விவாதிக்கலாம். கல்வெட்டை விரித்து வைத்து விவாதித்திருந்தால் நல்லது. அதைச் செய்யாமல் வழக்குப் போட்டார்கள் என்பதிலேயே பயம் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது.

‘கோயில் கலையைக் கண்டு பெருமைப்படக் கூடாதா, இதிலயும் சாதியா’ என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. தாராளமாகப் பெருமைப்படலாம். அந்தக் கல்லைச் சுமந்ததில் நம் தோளும் இருக்கிறது, அந்த விமானம் நமக்கும் பாத்தியப்பட்டதுதான். அதனால்தான் கேட்கிறோம், முழுக் கணக்கையும் படியுங்கள் என்று. மொத்த நிலத்தை வாசித்துவிட்டுக் கழிவை வாசிக்காமல் விட்டால் அது கணக்கே இல்லை.

நம் வேலை என்ன என்று மூன்று சொல்கிறேன். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் சேரி வருகிற ஒவ்வோர் ஊரையும் பட்டியல் எடுத்து, அந்த ஊர்கள் இன்று எவை, அங்கே சேரி எந்தத் திசையில், நத்தம் எந்தத் திசையில், மனைப்பட்டா யார் பெயரில் என்று போய்ப் பார்க்க வேண்டும். தமிழ் எம்.ஏ. படிக்கிற நம் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிவிடலாம். அடுத்து, மாளிகைமேட்டில் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள தாழ்நிலத்திலும் குழி போடச் சொல்லித் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்க வேண்டும். மக்கிய குடிசையின் கம்பக் குழிகூட மண்ணில் நிறம் மாறித் தெரியும். அடுப்புச் சாம்பல், உடைந்த பானை, எலும்புத் துண்டு எல்லாம் சான்றுதான், தேடினால் கிடைக்கும். மூன்றாவது, வரப்போகிற அருங்காட்சியகத்தில் சீனப் பீங்கான் வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில், அந்த நிலக்கணக்குக் கல்வெட்டின் படியை, தீண்டாச்சேரி என்ற சொல் தெரிகிற மாதிரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவில் வைக்கச் சொல்ல வேண்டும்.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப்போவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. சொல்லை எடுத்த பிறகு, அந்தச் சொல் நின்ற மண் யார் பெயரில் இருக்கிறது, மழை பிடித்தால் அதில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதையும் அதே ஆவணத்தில் எழுதட்டும்.